பார்த்ததைச் சொல்லுங்கள்: சக ஊழியர் பாராட்டைப் பணியிடப் பழக்கமாக்க முழுமையான வழிகாட்டி

சென்னையில் ஓர் ஊழியரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை கேட்க வேண்டுமென்றால் அவருடைய பிரிவு உபசார விழாவுக்குத்தான் போக வேண்டும். அண்ணா சாலை அலுவலகமோ அம்பத்தூர் பட்டறையோ, சடங்கு ஒன்றுதான். கேக் வெட்டுவார்கள், சமோசா வரும், பொன்னாடை போர்த்துவார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து, "இவர் இல்லாவிட்டால் அந்த ஆடிட் முடிந்தே இருக்காது" என்று பேசுவார்கள். வேலையை விட்டுப் போகிறவர் அப்போதுதான் வியப்பார்: இதெல்லாம் இவர்களுக்குத் தெரியுமா? தெரியும். யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சொல்லாததற்கு நம்மிடம் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தலைக்கனம் ஏறிவிடும். மூத்தவரைப் புகழ்ந்தால் காக்கா பிடிக்கிறான் என்பார்கள். இளையவரைப் புகழ்ந்தால் அடுத்த மாதமே சம்பள உயர்வு கேட்பான். கண் பட்டுவிடும் என்று பெற்ற குழந்தையைக்கூட வெளிப்படையாகப் புகழத் தயங்குகிறவர்கள் நாம். இந்தத் தயக்கங்கள் எல்லாம் புகழ்ச்சிக்குச் சரியாகப் பொருந்துகின்றன. இந்த வழிகாட்டி கேட்பது அதைவிடச் சிறிய வேலை: பக்கத்து நாற்காலிக்காரர் செய்த ஒரு நல்ல காரியத்தை நீங்கள் பார்த்திருந்தால், பார்த்ததை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

மார்கழி சபாக்களில் இது தினமும் நடக்கிறது. பாடகர் ஆலாபனையை முடித்ததும் வயலின் முறை. வயலின் கலைஞர் எதிர்பாராத ஒரு பிடியை வாசித்தால், பாடகர் அந்த நொடியிலேயே திரும்பி "பலே" என்பார். கச்சேரி முடியட்டும் என்று காத்திருப்பதில்லை. "நீங்கள் பெரிய வித்வான்" என்று உரை ஆற்றுவதுமில்லை. அந்தப் பிடிக்கு அந்த ஒரு சொல். அதன் அருமை அரங்கில் இருப்பவர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அதே ராகத்தை அவரும் இப்போதுதான் பாடி முடித்தார். சக ஊழியரின் சொல்லுக்கு உள்ள எடையும் இதுதான். மேலாளர் எண்ணிக்கையைப் பார்க்கிறார். அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்.

மனநலத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வைத் தனது நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் விளக்கியபோது, அது ஒரு நோயல்ல, வேலை சார்ந்த நிலை என்று குறிப்பிட்டு, மூன்று அடையாளங்களைச் சொன்னது. ஒன்று, உடலும் மனமும் வற்றிப்போதல். இரண்டு, வேலையிலிருந்து மனம் விலகி, எதைக் கேட்டாலும் கசப்பு வருதல். மூன்று, "நான் செய்வதால் ஒன்றும் ஆகப்போவதில்லை" என்ற எண்ணம். முதலாவதற்கு மருந்து ஓய்வும் கூடுதல் ஆட்களும்தான். எந்த நல்ல சொல்லும் அதற்குப் போதாது. இரண்டாவதும் மூன்றாவதும் வேறு வகை. தன் வேலை யாருக்காவது உதவியதா என்றே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் உழைப்பவருக்குக் கசப்பு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்தத் தகவல் சக ஊழியரிடம் இருக்கிறது. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் ஆண்டுக்குச் சுமார் 1,200 கோடி வேலைநாட்களை இழக்கிறது என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2022-இல் மதிப்பிட்டன. அதில் நம் பங்கு எவ்வளவு என்று ஆராய்வதைவிட, நம் தளத்தில் இருக்கும் பத்துப் பேரிடமிருந்து தொடங்குவது நல்லது.

இதை மனிதவளத் துறையினர் மட்டுமே நடத்த வேண்டும் என்பதில்லை. ஒரு டீம் லீடர் தொடங்கலாம். எந்தப் பதவியும் இல்லாத ஒருவர் நாலாம் படியிலிருந்து தனியாகவே தொடங்கலாம்.

படி 1: முதலில் நாற்காலி

தி.நகர் ஜவுளிக் கடைகளில் காலையிலிருந்து இரவுவரை நின்றபடியே வேலை செய்த விற்பனையாளர்களுக்கு உட்காரும் உரிமை வேண்டும் என்பதற்காக, தமிழ்நாட்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் திருத்தம் கொண்டுவரப்பட்டது. கேரளம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இதைச் செய்திருந்தது. நாற்காலி போட ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் இடத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

சம்பளம் சொன்ன தேதியில் வருகிறதா? வாரவிடுப்பு உண்மையிலேயே விடுப்பா, அல்லது தொலைபேசி அழைப்புகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியா? இரவுப் பணி முடித்த பெண்களுக்கு வீடுவரை வண்டி உண்டா? கழிவறை கிட்டத்தில் இருக்கிறதா? நாலு பேர் வேலையை இரண்டு பேர் பார்க்கிறார்களா? இவற்றில் ஓட்டை இருக்கும்போது பாராட்டுத் திட்டம் என்று சுவரொட்டி ஒட்டினால் ஊழியர்கள் அதைக் கேலியாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் எடுத்துக்கொள்வது சரியும்கூட. கிடைக்க வேண்டியதைக் கொடுக்காமல் நன்றி அட்டை கொடுக்கும் நிறுவனங்களைப் பார்த்துப் பார்த்தே நம் ஊரில் "பாராட்டு" என்ற பேச்சை எடுத்தாலே பலர் கண்ணைச் சுருக்குகிறார்கள்.

எல்லாவற்றையும் சரிசெய்த பிறகுதான் தொடங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் யாரும் என்றைக்கும் தொடங்க முடியாது. குறைந்தபட்சம் ஒன்றையாவது சரிசெய்துவிட்டு, மற்றவை எப்போது என்று தேதியோடு சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

படி 2: இன்றைய நிலையை அறிதல்

அளக்காமல் தொடங்கினால் மூன்று மாதம் கழித்து "நன்றாகத்தான் போகிறது" என்று நாமே நம்மை ஏமாற்றிக்கொள்வோம். அளப்பதற்கு எளிய கருவி ஒன்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி நலக் குறியீடு. கடந்த இரண்டு வாரங்களில் மனம் மகிழ்ச்சியாக இருந்ததா, அமைதியாக இருந்ததா, சுறுசுறுப்பு இருந்ததா, தூங்கி எழுந்தபோது புத்துணர்ச்சி இருந்ததா, அன்றாட வாழ்வில் பிடிப்பு இருந்ததா என்று ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 25. 13-க்குக் கீழே வந்தால் நலன் குன்றியிருப்பதற்கான அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு நிமிட வேலை.

அதோடு உங்கள் சொந்தக் கேள்விகள் மூன்றைச் சேருங்கள்:

கடந்த ஒரு வாரத்தில் என் வேலையைப் பற்றிச் சக ஊழியர் யாராவது குறிப்பாக ஒரு நல்ல சொல் சொன்னாரா?
நான் யாருக்காவது சொன்னேனா?
எனக்குத் தெரியாததை "தெரியவில்லை" என்று இங்கே தயங்காமல் சொல்ல முடிகிறதா?

முதல் கேள்விக்கும் இரண்டாவதற்கும் பதில்கள் ஒத்துப்போகாது, பாருங்கள். நான் பார்த்த இடங்களில் எல்லாம், சொன்னதாக நினைப்பவர்கள் அதிகம். கேட்டதாகச் சொல்பவர்கள் குறைவு. "சூப்பர்" என்று கட்டைவிரல் காட்டியதைச் சொன்னவர் கணக்கில் வைத்திருப்பார், கேட்டவர் வைத்திருக்க மாட்டார்.

பெயர் வேண்டாம். கையெழுத்தில் எழுதச் சொல்ல வேண்டாம். பத்துப் பேர் கொண்ட இடத்தில் கையெழுத்தே பெயர்தான். வட்டம் போடும் தாள், ஒரு பெட்டி, போதும். ஐந்து பேருக்குக் குறைந்த குழுவாக இருந்தால் பக்கத்துக் குழுவோடு சேர்த்துக் கூட்டுங்கள். இந்தத் தாள்கள் யாரையும் அடையாளம் காணவோ சிகிச்சைக்கு அனுப்பவோ அல்ல. குழுவின் சராசரியைப் பார்க்க மட்டும்.

படி 3: சிறிய குழு

ஆறிலிருந்து பத்துப் பேர். ஒருவர் வேலை மற்றவர் வேலையைத் தொட வேண்டும். ஒரே தளத்தில் உட்கார்ந்தும் தொடர்பே இல்லாதவர்கள் ஒருவரையொருவர் பாராட்ட என்ன இருக்கிறது? விருப்பமுள்ளவர்கள் மட்டும். நிர்வாக இயக்குநரின் மின்னஞ்சல், பலூன், முழக்கம் எதுவும் வேண்டாம்.

படி 4: பார்க்கப் பழகுதல்

இந்த வழிகாட்டியில் கடினமான படி இதுதான். மற்றவர்கள் பெரும்பாலும் அவசரமாகத் தாண்டிப்போவதும் இதைத்தான். பாராட்டுப் பயிற்சி என்றாலே எப்படிப் பேசுவது என்று தொடங்கிவிடுகிறார்கள். பேச ஏதாவது வேண்டுமே, அதை முதலில் பார்த்திருக்க வேண்டுமே!

நல்ல வேலையில் பாதி கண்ணுக்குத் தெரியாது. ஒரு கோளாறு நடக்காமல் போவதுதான் அதன் விளைவு. அம்பத்தூரில் சி.என்.சி. லேத் (கணினியால் இயங்கும் கடைசல் இயந்திரம்) ஓடும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஷிப்ட் முடித்துப் போகிறவர் மெஷினைத் துடைக்கிறார், சுருள் சுருளாகக் கிடக்கும் இரும்புச் சீவலை அள்ளுகிறார், கூலன்ட் அளவைப் பார்த்து ஊற்றுகிறார். கடைசியாக லாக் புக்கில் ஒரு வரி: "இன்சர்ட் தேய்ந்திருக்கிறது, இன்னும் நாற்பது பீஸ் தாங்கும்." இன்சர்ட் என்பது இரும்பைச் சீவும் வெட்டுமுனை. இரவு ஷிப்ட்காரர் வந்து அதைப் படிக்கிறார். முப்பது தாண்டியதும் ஒவ்வொரு பீஸையும் அளக்கத் தொடங்குகிறார். முப்பத்தெட்டில் அளவு விலகுகிறது, இன்சர்ட்டை மாற்றுகிறார். ஒரு பீஸும் வீணாகவில்லை. காலையில் வரும் சூப்பர்வைசரின் அறிக்கையில் இதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. ஸ்கிராப் பூஜ்யம் என்ற எண் மட்டும் இருக்கும். அந்தப் பூஜ்யத்துக்குப் பின்னால் ஒரு வரி எழுதிய மனிதர் இருக்கிறார் என்பது உலகத்திலேயே ஒரே ஒருவருக்குத்தான் தெரியும், இரவு ஷிப்ட்காரருக்கு. அவர் சொல்லாவிட்டால் அது நடக்கவே இல்லை என்றாகிவிடும். ஆறு மாதத்தில் அந்த ஒரு வரியும் லாக் புக்கிலிருந்து காணாமல் போகும்.

இப்படிப்பட்டவை எல்லா இடத்திலும் உண்டு. உஸ்மான் சாலைக் கடையில் ஒரு குடும்பம் முப்பது புடவைகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் எழுந்து போன பிறகு, அடுத்த கவுன்டர் அக்கா கேட்காமலே வந்து பாதியை மடித்துக் கொடுப்பது. ஓ.எம்.ஆர். நிறுவனத்தில் இரவுப் பணியை ஒப்படைக்கும் மின்னஞ்சலில், எதையெல்லாம் முயன்று பார்த்தாயிற்று என்பதையும் சேர்த்து எழுதுவது. மருத்துவமனையில் புதிதாக வந்த செவிலியருக்கு மற்றவர்கள் எதிரில் திருத்தாமல், தனியாக அழைத்துச் சொல்லிக்கொடுப்பது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்களின் வேலையை, தண்ணீர் வராத பகுதியில் இருந்தவர்கள் சத்தமில்லாமல் பார்த்தார்கள். எத்தனை அலுவலகங்களில் அதை யாராவது எடுத்துச் சொன்னார்கள்?

பயிற்சி இதுதான். முதல் வாரம் யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். சட்டைப்பை நோட்டில் நாளுக்கு ஒரு வரி எழுதுங்கள்: இன்று என் வேலை யாரால் இலேசாயிற்று, அவர் செய்தது என்ன. இரண்டு நாள் ஒன்றுமே தோன்றாது. பிறகு தோன்றத் தொடங்கும். சிலர் இந்த ஒரு வாரத்திலேயே பக்கத்து இருக்கைக்காரரைப் பற்றித் தாங்கள் வைத்திருந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்வார்கள்.

படி 5: சொல்லும் முறை

அமெரிக்காவில் உள்ள 'சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப்' என்ற அமைப்பு பரப்பிய மூன்று பகுதி முறை ஒன்று உண்டு: சூழல், செயல், விளைவு. எப்போது நடந்தது, அவர் என்ன செய்தார், அதனால் எனக்கு என்ன ஆயிற்று. மேலே சொன்ன இரவு ஷிப்ட்காரர் இப்படிச் சொல்லலாம்:

"அண்ணா, இன்சர்ட் நாற்பது பீஸ்தான் தாங்கும் என்று நேற்று லாக் புக்கில் எழுதியிருந்தீர்களே, முப்பத்தெட்டிலேயே அளவு மாறியது. உங்கள் குறிப்பைப் பார்த்து அளந்துகொண்டே வந்ததால் உடனே பிடித்துவிட்டேன். ஒன்றும் ஸ்கிராப் ஆகவில்லை."

இதில் பாராட்டுச் சொல் ஒன்றுகூட இல்லை. "அருமை" இல்லை, "திறமைசாலி" இல்லை. கேட்பவருக்கு அது தேவையும் இல்லை. இதே ஆள், "அண்ணா, நீங்கள் இல்லாவிட்டால் இந்தக் கம்பெனியே இல்லை" என்று சொல்லியிருந்தால் அண்ணன் என்ன நினைப்பார்? என்ன வேண்டுமாம் இவனுக்கு?

ஆளைவிட்டு வேலையைச் சொல்வதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. கருத்துரை வழங்குவது குறித்த நூற்றுக்கணக்கான சோதனை முடிவுகளை க்ளூகர், டினிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996-இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பயன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் செயல்திறன் குறைந்திருந்தது! கவனம் செய்த வேலையிலிருந்து விலகி, "நான் எப்படிப்பட்டவன்" என்ற பக்கம் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். 1998-இல் பள்ளிக் குழந்தைகளிடம் முல்லரும் ட்வெக்கும் கண்டதும் இதையே ஒட்டியது: "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட குழந்தைகள் பிறகு ஒரு தோல்வி வந்ததும் துவண்டார்கள், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தாக்குப்பிடித்தார்கள்.

இனி நம் ஊருக்கே உரிய சில சிக்கல்கள்.

மூத்தவரிடம் சொல்லும்போது காக்கா பிடிப்பதாகத் தோன்றாமல் இருக்க வேண்டுமென்றால் இரண்டு காரியம் செய்யுங்கள். அவரிடமிருந்து எதையும் எதிர்பார்க்காத நேரத்தில் சொல்லுங்கள். ஆண்டு மதிப்பீட்டு மாதத்தில் வாயே திறக்காதீர்கள். அவர் பெருமையை விட்டுவிட்டு, நீங்கள் கற்றதைச் சொல்லுங்கள். "மேடம், வாடிக்கையாளர் கத்தியபோது நீங்கள் முதலில் அவர் எண்ணை எழுதிக்கொண்டதைப் பார்த்தேன். இன்று நானும் அப்படியே செய்தேன், ஆள் அடங்கிவிட்டார்." இதைக் கேட்டு முகம் சுளிக்கும் மேடத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

இளையவரிடம் சொல்லும்போது தட்டிக்கொடுக்கும் தொனி வரக்கூடாது. "பரவாயில்லையே, உனக்குக்கூட இது தெரிந்திருக்கிறதே" என்பது பாராட்டுச் சட்டை போட்ட அவமானம்.

தோற்றம், உடை, நிறம், எடை பற்றி எதுவும் வேண்டாம். வேலையைப் பற்றி மட்டும். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். "நல்லதாகத்தானே சொன்னேன்" என்பது அந்தக் குழுவின் முன் எடுபடாது.

தமிழ் தெரியாத தொழிலாளர்கள் இன்று சென்னையின் உணவகம், கட்டுமானம், தொழிற்சாலை எங்கும் இருக்கிறார்கள். மூன்று பகுதி வாக்கியமெல்லாம் அங்கே வேண்டாம். அவர் செய்த பொருளைக் கையில் எடுத்து மற்றவர்களுக்குக் காட்டி, இது இவர் செய்தது என்று அவர் பெயரைச் சரியாக உச்சரித்துச் சொன்னாலே போதும். பெயரை, கவனியுங்கள். "பையா" என்று பொதுவாக அழைப்பதை நிறுத்துவதே அவருக்கு முதல் மரியாதை.

கடைசியாக, "ஆனால்". "நீங்கள் எழுதிய அறிக்கை தெளிவாக இருந்தது, ஆனால்..." என்று இழுத்த கணமே முன்பாதி அழிந்துவிடும். பாராட்டுக்கு நடுவே குறையை ஒளித்துவைக்கும் சாண்ட்விச் முறையை இன்னும் பல பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதன் பலன், யாராவது நல்லதாகப் பேச ஆரம்பித்தாலே அடுத்து என்ன இடி விழப்போகிறதோ என்று கேட்பவர் உடம்பை இறுக்கிக்கொள்வதுதான். குறையைச் சொல்ல வேண்டுமா, வேறொரு நாளில் நேராகச் சொல்லுங்கள்.

படி 6: எங்கே, எதில்

தேநீர்க் கடை சிறந்த இடம். இரண்டு பேர், இரண்டு கண்ணாடி டம்ளர், மூன்று நிமிடம்.

வாட்ஸ்அப் குழுவில் போட்டால் நாற்பது கட்டைவிரல்கள் வந்து விழும். யார் படித்தார்கள், யார் கடமைக்கு அழுத்தினார்கள் என்று தெரியாது. பலர் முன்னிலையில் பெயர் சொல்லப்படுவதை விரும்பாதவர்களும் நிறைய. பாராட்டப்பட்டவர் அன்று முழுவதும் மற்றவர்களின் கேலிக்கு ஆளாவதும் உண்டு: "என்ன சார், ட்ரீட் எப்போது?" எனவே தொடக்கத்தில் தனியாகச் சொல்லுங்கள். குழுவில் சொல்வதாக இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு நாலு வரி மின்னஞ்சல். அதை அவர் பத்திரமாக வைத்துக்கொள்ள முடியும் என்பது பேச்சுக்கு இல்லாத வசதி.

நேரில் சொல்லக் கூச்சமாக இருக்கிறதா? எல்லோருக்கும் அப்படித்தான். 2018-இல் குமார், எப்லி என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்களிடம் பெறுபவருக்கு எப்படி இருக்கும் என்று ஊகிக்கச் சொன்னார்கள். பெறுபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் மிகையாக நினைத்தார்கள். அவர் அடையும் மகிழ்ச்சியைக் குறைத்து மதிப்பிட்டார்கள். நமக்குச் சரியான சொல் வரவில்லையே என்று நாம் கவலைப்படுகிறோம். கேட்பவர் இலக்கணம் பார்ப்பதில்லை.

படி 7: எத்தனை முறை

இதற்கு ஒரு கணக்கு உண்டு என்று உங்களுக்கு யாராவது சொல்வார்கள். ஒரு குறைக்கு மூன்று பாராட்டு. இன்னும் துல்லியமாக, 2.9013. 2005-இல் ஃப்ரெட்ரிக்சன், லொசாடா என்ற இருவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்த எண் அது. 2013-இல் பிரவுன், சோகல், ஃப்ரீட்மன் ஆகிய மூவர் அந்தக் கணித மாதிரிக்கு அடிப்படையே இல்லை என்று நிறுவினார்கள். கணிதப் பகுதி திரும்பப் பெறப்பட்டது. எண் மட்டும் பயிற்சி வகுப்புகளின் பவர்பாயின்ட்டில் இன்னும் உயிரோடு உலவுகிறது. எதையாவது பார்த்தால் சொல்லுங்கள், பார்க்காத நாளில் சும்மா இருங்கள். அதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியவில்லை.

பழக்கம் வரும்வரை ஒரு கொழுகொம்பு வேண்டும் என்றால், ஏற்கெனவே நடக்கும் வாரக் கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை ஒதுக்குங்கள். நோட்டில் ஏதாவது இருப்பவர் வாசிக்கலாம். வட்டமாக உட்காரவைத்து இடப்பக்கம் இருப்பவரைப் பற்றி ஆளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லச் சொல்லும் விளையாட்டு மட்டும் வேண்டவே வேண்டாம். கடமைக்குச் சொன்ன சொல் என்று சொல்பவருக்கும் கேட்பவருக்கும் தெரிந்தே நடக்கும் நாடகம் அது. யாருக்கும் எதுவும் இல்லாத வாரத்தில் கூட்டத்தைப் பத்து நிமிடம் முன்னதாகவே முடித்துவிடுங்கள். அதையே எல்லோரும் பாராட்டுவார்கள்.

படி 8: பெற்றுக்கொள்ளுதல்

"ஐயோ, அதெல்லாம் ஒன்றுமில்லை சார்." அடக்கம் என்று நினைத்துச் சொல்கிறோம். சொன்னவருக்கோ, தான் பார்த்தது தப்பு என்று திருப்பிக் கொடுத்ததுபோல் ஆகிவிடுகிறது. அடுத்த முறை அவர் வாய் திறக்க மாட்டார். "நன்றி, கவனித்தீர்களே" என்று ஒரு வரி போதும். உடனே பதிலுக்குப் பாராட்டிக் கடனை அடைக்கவும் வேண்டாம். அந்த வேலையில் இன்னொருவர் கையும் இருந்தால் அவர் பெயரைச் சொல்லுங்கள், அதுதான் அழகு.

படி 9: மேலாளர் செய்ய வேண்டியதும் செய்யக்கூடாததும்

செய்யக்கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். மதிப்பெண், நட்சத்திரம், மாதச் சிறந்த ஊழியர், பரிசுக் கூப்பன் எதையும் இதோடு கட்டாதீர்கள். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் பாலர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளில் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு சுதந்திரமாக விட்டபோது அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். பெரியவர்களிடம் கூடுதலாக ஒன்று நடக்கும்: பண்டமாற்று. நீ எனக்கு இரண்டு புள்ளி போடு, நான் உனக்கு இரண்டு போடுகிறேன். மாதக் கடைசியில் செயலியில் பாராட்டுகள் குவிந்தால் அந்த நோய் வந்துவிட்டது என்று பொருள்.

நோட்டுகளையும் குறிப்புகளையும் ஆண்டு மதிப்பீட்டுக்குச் சான்றாகக் கேட்காதீர்கள். கேட்ட நாளிலிருந்து எல்லோரும் உங்களுக்காக எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

செய்ய வேண்டியது, தன் பங்குக்குத் தானும் சொல்வது. கிராண்ட், ஜினோ 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் நன்கொடை திரட்டும் ஊழியர்களில் ஒரு பகுதியினரை இயக்குநர் நேரில் வந்து சந்தித்து நன்றி சொன்னார். அடுத்த வாரம் அவர்கள் செய்த அழைப்புகள் பாதிக்கும் மேல் கூடின. நன்றி கேட்காதவர்களிடம் மாற்றமில்லை. இந்த முடிவைப் படித்துவிட்டு அழைப்பு எண்ணிக்கையைக் கூட்டத்தான் நன்றி சொல்லப்போகிறேன் என்று கிளம்பும் மேலாளர்களும் இருக்கிறார்கள். ஊழியர்களுக்கு அது இரண்டே நாளில் தெரிந்துவிடும்.

படி 10: யார் பெயர் வரவே இல்லை?

மாதம் ஒருமுறை, நடத்துபவர் தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டிய கணக்கு. வாரக் கூட்டத்தில் யார் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, யார் பெயர் ஒருமுறைகூட வரவில்லை? பெரும்பாலும் விடுபடுபவர்கள் இரவுப் பணியாளர்கள், கூச்ச சுபாவமுள்ளவர்கள், புதிதாக வந்தவர்கள். இவர்களோடு ஒப்பந்த ஊழியர்களும். காவலாளி, துப்புரவுப் பணியாளர், அலுவலக உதவியாளர் ஆகியோர் ஏஜென்சி மூலம் வருவதால் நிறுவனத்தின் பட்டியலிலேயே இருக்க மாட்டார்கள். கணினியில் ஓடும் பாராட்டுச் செயலிகளில் அவர்களுக்கு உள்நுழையும் அடையாளமே கிடையாது. மழை நாளில் மாடிப்படியில் சாக்கு விரித்துவைத்த அக்காவால் எத்தனை கால்கள் முறியாமல் தப்பின என்று யார் எழுதுவது?

இன்னொன்றையும் பாருங்கள். ஆண்களின் பெயர் வரும்போது நுட்பத் திறனும் பெண்களின் பெயர் வரும்போது அன்பும் பொறுமையும் வருகிறதா? பிறந்தநாள் கேக் ஏற்பாடு செய்ததற்காக ஒரு பெண்ணை நாலுமுறை பாராட்டி, அவர் கண்டுபிடித்துச் சரிசெய்த கணினிக் கோளாறைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை என்றால், அந்தப் பாராட்டு அவரை கேக் வேலையிலேயே கட்டிப்போடுகிறது.

விடுபட்டவர் பெயரைச் செயற்கையாகச் செருக வேண்டாம். அவர் என்ன செய்கிறார் என்று யாரும் பார்க்கவில்லை என்பதுதான் பிரச்சினை. அவரோடு ஒரு நாள் கூட இருந்து வேலை செய்யும்படி ஒருவரை அனுப்புங்கள். மறுநாள் நோட்டு நிறைந்திருக்கும்.

படி 11: மூன்று மாதம் கழித்து

இரண்டாம் படியில் கொடுத்த அதே தாளை மறுபடி கொடுங்கள். அதே கேள்விகள், அதே பெட்டி. தீபாவளி விற்பனைக் காலத்திலோ ஆண்டுக்கணக்கு முடிக்கும் மார்ச்சிலோ அளக்காதீர்கள். அப்போது யாரைக் கேட்டாலும் களைப்பாகத்தான் இருப்பார்கள்.

சொன்னவர்களின் எண்ணிக்கையும் கேட்டவர்களின் எண்ணிக்கையும் நெருங்கி வந்திருந்தால் சொல்லும் முறை சரியாகிவிட்டது. அடுத்த குழுவுக்குப் போகலாம். "தெரியவில்லை என்று சொல்ல முடிகிறதா" என்ற கேள்விக்கு ஆம் என்பவர்கள் கூடியிருந்தால் அது எல்லாவற்றையும்விடப் பெரிய வெற்றி. ஒருவர் தன் நல்ல வேலையைப் பிறர் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் தன் அறியாமையையும் காட்டத் துணிவார்.

இந்த மூன்று மாதத்தில் யாராவது தூக்கமில்லை, வாழ்க்கையே பிடிக்கவில்லை என்கிற அளவுக்குப் பேசினால், அது சக ஊழியரின் நல்ல சொல்லால் தீரும் காரியமில்லை. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மனாஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். எண்ணைக் கொடுத்துவிட்டு விலகிவிடாமல், அவர் அழைத்து முடிக்கும்வரை பக்கத்தில் இருங்கள்.

நல்ல சொற்கள் பெருகியும் ஐந்து கேள்வி நலக் குறியீட்டின் சராசரி அசையவில்லை என்றால், சொல்லும் முறையில் பிழை தேடாதீர்கள். சுறுசுறுப்பையும் தூங்கி எழுந்தபோது இருந்த புத்துணர்ச்சியையும் கேட்ட இரண்டு கேள்விகளை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். அங்கே எண் தாழ்ந்திருந்தால் பாராட்டு நோட்டை மூடிவைத்துவிட்டு ஷிப்ட் அட்டவணையைத் திறங்கள். இரவுப் பணி முடித்தவருக்கு மறுநாள் காலைக் கூட்டம் போட்டிருக்கிறதா, யாருடைய வாரவிடுப்பு தொடர்ந்து மூன்று வாரம் வெட்டப்பட்டிருக்கிறது, இரண்டு பேர் வேலையைத் தனியாகப் பார்ப்பவர் யார் என்று பேனாவால் வட்டமிடுங்கள். அந்தத் தாளோடு போய்ப் பேச வேண்டியது மேலாளரிடம்.